குரல் தடித்தால், டிக் டிக் என்றால், உதடும் ஒலியும் விலகினால்: வீட்டு ஒலிப்பதிவில் கிளாக் கோளாறைத் தேடும் முறை

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், சுங்கை சிப்புட்டில், ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்னறைதான் என் ஒலிப்பதிவுக் கூடம். சுவரில் பழைய மெத்தை, கதவிடுக்கில் மடித்துச் செருகிய கைலி. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மூன்று வகை ஆட்கள் இங்கு வருவார்கள்: உருமி மேளக் குழுவினர், கோயில் பஜனைக் குழுவினர், கரோக்கே டிராக்கின் மேல் சொந்த வரிகளைப் பாடிப் பதிவேற்றும் இளைஞர்கள். இப்போது அவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே மைக்கும் அதைக் கணினியோடு இணைக்கும் ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். கோளாறு வந்தால் எல்லோர் வாயிலும் ஒரே வாசகம்: "அண்ணே, மைக் போய்விட்டது."

மைக் போவது அபூர்வம். பெரும்பாலும் ஏதோ ஒரு பட்டியலில் 48 என்று இருக்க வேண்டிய இடத்தில் 44.1 என்று இருக்கும். இந்த எண்தான் சாம்பிள் ரேட்: கருவி ஒலியை விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து எழுதுகிறது என்பது. அல்லது இரண்டு கருவிகள் தத்தம் கடிகாரத்தை, அதாவது அந்த அளவெடுப்புக்குத் தாளம் போடும் கிளாக்கை, பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கோளாறை வேறு வேறு வீடுகளில் பலமுறை சரிசெய்து சலித்த பிறகு இதை எழுதுகிறேன். உங்கள் காதில் விழுவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத வழி முதலில், பணம் கேட்கும் வழி கடைசியில்.

## எதையும் தொடும் முன்: மூன்று எண்கள், ஒரு பெயர்

ஒரு தாளில் எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம், மனக்கணக்கில் எல்லோருடைய கணினியும் சரியாகத்தான் இருக்கிறது.

முதல் எண், பதிவு மென்பொருளில் ப்ராஜெக்ட்டின் சாம்பிள் ரேட். ரீப்பரில் ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் இருக்கும். கியூபேஸில் ஷிஃப்டும் எஸ்ஸும். ஆடாசிட்டியின் பழைய பதிப்புகளில் கீழே இடது மூலையில் தெரியும், புதியவற்றில் ஆடியோ செட்டப் பொத்தானுக்குள் போயிருக்கிறது.

இரண்டாவது எண், இன்டர்ஃபேஸ் உண்மையில் ஓடும் ரேட். இன்டர்ஃபேஸுடன் வந்த கன்ட்ரோல் பேனலில் பாருங்கள். ரீப்பரில் வலது மேல் மூலையிலும் தெரியும். மேக் என்றால் ஆடியோ மிடி செட்டப்.

மூன்றாவது எண், கையில் உள்ள கோப்பின் ரேட். விண்டோஸில் ஒரு வேவ் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் இது பல நேரம் கிடைக்காது. ஆடாசிட்டியில் திறந்தால் டிராக்கின் பெயரைச் சொடுக்கியதும் வரும் பட்டியலில் 'ரேட்' என்று இருக்கும்.

பெயர்: கிளாக் யாருடையது? ஒரே ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்தான் என்றால் பதில் 'இன்டர்னல்'. இரண்டு கருவிகள் டிஜிட்டல் கேபிளால் இணைந்திருந்தால் இருவரில் ஒருவர்தான் தலைவர். மற்றவர் அவர் கணக்குக்கு நடக்க வேண்டும். இரண்டு கங்காணிகள் ஒரே நிரையில் ஆளை விரட்டினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

## அறிகுறி 1: சுருதியும் வேகமும் சேர்ந்தே மாறிவிட்டன

குரல் தடித்து, பாட்டு இழுத்து ஒலிக்கிறது. அல்லது குரல் மெலிந்து, பாட்டு விரைகிறது. முதலில் கைக்கடிகாரத்தை எடுங்கள். நான்கு நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 விநாடி ஓடுகிறது என்றால், 48-இல் பதிவானதை யாரோ 44.1 என்று எண்ணி வாசிக்கிறார்கள். 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிட்டால் அதற்கு நேர்மாறு. சரி இரண்டு மடங்கு அல்லது சரி பாதி என்றால் 96-க்கும் 48-க்கும் உள்ள குழப்பம்.

கடிகாரம் இல்லாவிட்டால் ஆர்மோனியம் போதும். 48-க்கும் 44.1-க்கும் உள்ள இடைவெளி சுருதியில் ஒன்றரை செமிடோனுக்கு ஒரு நூலிழை குறைவு. ஐந்து கட்டையில் பாடியவரின் குரல் நான்குக்கும் நான்கரைக்கும் நடுவே வந்து நிற்கும். எதிர்த் திசையில் போனால் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே. எந்தக் கட்டையை அழுத்தினாலும் சேராமல், 'கிட்டத்தட்ட' என்று காதை உறுத்தினால் சந்தேகமே வேண்டாம், சாம்பிள் ரேட்தான். சுருதி சரியாக ஒரு கட்டையிலேயே வந்து உட்கார்ந்தால் யாரோ பிட்ச் பொத்தானைத் தட்டியிருக்கிறார்கள். அது வேறு வழக்கு.

### ஒரே ஒரு கோப்பு மட்டும் மாறியிருந்தால்

கோப்பின் முகவரிச் சீட்டில் தவறான எண் எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஒலி பழுதில்லை. சீட்டை மட்டும் மாற்றுங்கள்: ஆடாசிட்டியில் டிராக்கின் பெயரைச் சொடுக்கி, 'ரேட்' என்பதில் சரியான எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உடனே சரியாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். அதே மென்பொருளில் 'ரீசாம்பிள்' என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. அது சீட்டை மாற்றுவதில்லை. ஒலியையே புதிய ரேட்டுக்குப் பெயர்த்து எழுதுகிறது. தடித்த குரல் தடித்தபடியே புதிய ரேட்டுக்குப் போகும். "மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வருபவர்கள் எல்லோரும் இந்தக் கட்டளையை அழுத்தியவர்கள்.

ரீப்பரில் என்றால் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்துங்கள். 'ப்ரிசர்வ் பிட்ச்' என்ற குறியை எடுத்துவிட்டு, பிளேரேட்டில் 1.08844 என்று போடுங்கள். அது 48-ஐ 44.1-ஆல் வகுத்த எண். இழுத்து ஒலிப்பதை நேராக்கும். விரைந்து ஒலிப்பதற்கு 0.91875.

### ப்ராஜெக்ட் முழுவதுமே மாறியிருந்தால்

தாளில் எழுதிய முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் ஒன்றா? இல்லை என்றால் அங்கேயே விடை. இன்டர்ஃபேஸ் கன்ட்ரோல் பேனலில் ரேட்டை மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள்.

ஒன்றாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் மாறுகிறது என்றால் நடுவில் யாரோ கையை வைக்கிறார்கள். பெரும்பாலும் உலாவியில் திறந்திருக்கும் ஒரு காணொலி அல்லது பின்னணியில் ஓடும் கூட்டச் செயலி. சில இன்டர்ஃபேஸ்களில் விண்டோஸின் ஒலிக்கும் பதிவு மென்பொருளுக்கும் கடிகாரம் ஒன்றே. யார் கடைசியாகக் கேட்டார்களோ அவர்கள் ரேட்டுக்கு அது தாவிவிடும். எல்லாவற்றையும் மூடுங்கள். பிறகு விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குப் போய், 'பிளேபேக்', 'ரெக்கார்டிங்' இரண்டிலும் அந்த இன்டர்ஃபேஸின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' தாவலில் ப்ராஜெக்ட்டின் அதே ரேட்டை வையுங்கள். ஒன்றில் வைத்துவிட்டு இன்னொன்றை மறப்பது வழக்கம். ரீப்பரில் கூடுதலாக, ப்ராஜெக்ட் அமைப்பில் சாம்பிள் ரேட்டுக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தில் குறி போடுங்கள். குறி இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் இன்டர்ஃபேஸின் பின்னாலேயே போகும்.

### உங்கள் அறையில் சரி, கைப்பேசியில் தவறு

இந்தக் கிளை ஆபத்தானது. ஒரு பஜனைக் குழுத் தம்பி ஆறு பாட்டுப் பதிவு செய்து கொண்டுவந்தார். அவர் வீட்டில் எல்லாம் அழகாகச் சேர்ந்து ஒலித்ததாம். கைப்பேசியில் போட்டால் வாத்தியங்கள் சரியாகவே இருக்கின்றன. அவருடைய குரல் மட்டும் பாலர் பள்ளிப் பிள்ளையின் குரல்.

நடந்தது இதுதான். ப்ராஜெக்ட் 48, இன்டர்ஃபேஸ் 44.1. வாத்திய டிராக் தாழ்ந்தும் மெதுவாகவும் அவர் ஹெட்ஃபோனில் ஒலித்தது. அது தாழ்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்ட சுருதிக்குச் சேர்த்துப் பாடினார். பாடியதும் 44.1-இல் பதிவாகி, 48 என்ற சீட்டோடு சேமிக்கப்பட்டது. அவர் அறையில் இரண்டும் ஒரே தவறுக்கு உட்பட்டதால் ஒற்றுமையாக இருந்தன. வெளியே போனதும் வாத்தியம் நிமிர்ந்தது, குரலும் அதோடு சேர்ந்து ஏறியது.

இதற்கு வழி இரண்டே. கலந்து எடுத்த கோப்பின் சீட்டை 44.1 என்று மாற்றினால் குரல் இயல்பாகும், வாத்தியம் தாழும், இரண்டும் சேர்ந்தே இருக்கும். கேட்பவருக்கு உறுத்தாது. ஆனால் பாட்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். அதோடு சேர்ந்து யாரும் ஆர்மோனியம் வாசிக்க முடியாது. அது தேவை என்றால் மறுபடி பாடத்தான் வேண்டும். குரலை மட்டும் மென்பொருளால் இறக்கலாமே என்று கேட்பார்கள். இறக்கலாம், ஆனால் பாடியது மெதுவான தாளத்துக்கு. சுருதி, வேகம், வார்த்தை விழும் இடம் எல்லாவற்றையும் வளைத்து முடிக்கும் நேரத்தில் மூன்று முறை பாடிவிடலாம். அந்தத் தம்பி நான்கு பாட்டைச் சீட்டு மாற்றி வைத்துக்கொண்டார், இரண்டை மறுபடி பாடினார்.

இந்த அறிகுறிக்குத் தொழில்நுட்பரைக் கூப்பிடும் தேவை எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

## அறிகுறி 2: டிக், டக், பட் என்று இடையில் வெடிக்கிறது

முதல் கேள்வி: சத்தம் கோப்பில் இருக்கிறதா, கேட்கும்போது மட்டும் வருகிறதா? அந்தப் பகுதியை மூன்று முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்தால் கோப்பில் இருக்கிறது. இடம் மாறினால் கேட்கும்போது மட்டும் வருவது.

### கேட்கும்போது மட்டும் வந்தால்

கணினி மூச்சு வாங்குகிறது. பஃபர் (கணினி ஒலியை இடையில் தாங்கிவைக்கும் அளவு) 64-இல் இருந்தால் 256 ஆக்குங்கள், போதாவிட்டால் 512. குரல் பதிவு முடிந்து கலவைக்கு வந்துவிட்டால் 1024-இல் வைத்தாலும் குடி முழுகிவிடாது. இது கிளாக் கோளாறு இல்லை, அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

### கோப்பில் இருக்கிறது, ஒழுங்கில்லாமல் வருகிறது

வரிசையாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலேயே போய்விடும்.

பஃபரை ஏற்றுங்கள். யூஎஸ்பி ஹப்பைத் தூக்கிவிட்டு இன்டர்ஃபேஸை நேராக மடிக்கணினியில் செருகுங்கள். வேறு துளையில் செருகிப் பாருங்கள். வேறு யூஎஸ்பி கேபிள். கைப்பேசி சார்ஜ் செய்யும் மெலிந்த கேபிள்களில் சிலவற்றில் தரவுக் கம்பியே இருக்காது, இருந்தாலும் தளர்வாக இருக்கும். விண்டோஸின் பவர் அமைப்பில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை. வைஃபையை அணைத்ததும் நின்றால் அதன் டிரைவர்தான் காரணம், பதிவு நேரத்தில் அணைத்தே வையுங்கள். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும்.

இன்னொன்று. சில வீடுகளில் 'டக்' என்பது குளிர்பெட்டி. கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் கணத்தில் வரும். ஒரே சுற்றில் இன்டர்ஃபேஸையும் குளிர்பெட்டியையும் செருகாதீர்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, அதனால் இலவசமாகச் சொல்லிவைக்கிறேன்.

### கோப்பில் இருக்கிறது, ஒழுங்காக வருகிறது

டிக்... டிக்... டிக்... ஒரே இடைவெளியில். இதுதான் அசல் கிளாக் கோளாறு. இரண்டு டிஜிட்டல் கருவிகள் இணைந்திருக்கும் இடத்தில் மட்டுமே வரும். இந்த ஊரில் இதைக் கொண்டுவருபவர்கள் உருமிக் குழுக்கள்: உருமி, பம்பை, ஜால்ரா, பாடகர் என்று மைக்குகள் பெருகும்போது இன்டர்ஃபேஸில் உள்ள துளைகள் போதாமல், எட்டு மைக்கின் ஒலியைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கி ஏடாட் (ஒரே கேபிளில் பல சேனல் ஒலியை அனுப்பும் முறை) ஒளிக்கேபிளால் இணைப்பார்கள். மேளம் முழங்கும்போது டிக் கேட்காது. பாடகர் தனியாக நிற்கும் விருத்தத்தில் கேட்கும்.

இரண்டு கருவிகளின் கடிகாரமும் 48 என்றுதான் சொல்லும். ஒன்று சற்று வேகம், ஒன்று சற்று மெது. பத்து லட்சத்தில் பத்து பங்கு வித்தியாசம் இருந்தால்கூட இரண்டு விநாடிக்கு ஒரு சாம்பிள் நழுவும். கருவிகள் சூடேற ஏற அந்த இடைவெளி மாறும். காலையில் பதினைந்து விநாடிக்கு ஒன்றாக இருந்தது மதியம் ஐந்து விநாடிக்கு ஒன்று என்று ஆனால் திகைக்க வேண்டாம்.

சரிசெய்வது எளிது. ப்ரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரே ஒரு ஒளிக்கேபிள்தான் போகிறது என்றால் ப்ரீஆம்ப்தான் தலைவர். ப்ரீஆம்பின் பின்புறத் திருகியை 'இன்டர்னல் 48' என்று வையுங்கள். இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலில் கிளாக் மூலத்தை 'இன்டர்னல்' என்பதிலிருந்து 'ஏடாட்' என்று மாற்றுங்கள். 'லாக்' அல்லது 'சிங்க்' விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிய வேண்டும்.

இன்டர்ஃபேஸ்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று விரும்பினால் இன்னொரு ஒளிக்கேபிள், எதிர்த் திசையில். அப்போது ப்ரீஆம்பை 'ஏடாட் இன்' கிளாக்குக்கு மாற்றுங்கள். இரண்டு கேபிளையும் போட்டுவிட்டு இருவரையும் வெளிக் கிளாக்கில் வைத்தால் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துச் சுற்றுவார்கள். இருவரையும் இன்டர்னலில் வைத்தால் பழையபடி டிக்.

விளக்கு நிலையாக எரியவில்லை என்றால் பார்க்க வேண்டியவை:

கேபிளின் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே செருகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் நான்.

இரு பக்கமும் ஒரே ரேட்டா? ப்ரீஆம்ப் 44.1, இன்டர்ஃபேஸ் 48 என்றால் விளக்கு சிமிட்டிக்கொண்டேதான் இருக்கும்.

96-இல் பதிவு செய்கிறீர்களா? ஏடாட் கேபிளில் 44.1, 48 இரண்டிலும் எட்டு சேனல் போகும், 96-இல் நான்குதான். அதுவும் இரு கருவிகளும் அந்த முறையை ஆதரித்தால். உருமியை 96-இல் பதிந்தால்தான் அதிரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. 48-க்கு வாருங்கள்.

கேபிள் மேசையின் விளிம்பில் மடங்கியிருக்கிறதா? ஒளிக்கேபிள் ஒருமுறை முறிந்தால் நிமிர்த்தினாலும் திரும்பாது. இருபது முப்பது ரிங்கிட்டில் புதியது கிடைக்கும்.

எஸ்பிடிஃப் (இரண்டு சேனல் டிஜிட்டல் ஒலி இணைப்பு) வழியாக இணைத்திருந்தால் மேலே சொன்ன அதே விதிதான்: அனுப்புபவர் தலைவர், வாங்குபவர் வெளிக் கிளாக். கேபிள் 75 ஓம் ஆக இருக்க வேண்டும். பழைய டிவிடி கருவியோடு வந்த மஞ்சள் நிற வீடியோ கேபிள் அந்த வகைதான், அலமாரியில் தேடுங்கள். வேர்ட் கிளாக் (கடிகாரத் துடிப்பை மட்டும் அனுப்பும் இணைப்பு) துளைகள் உள்ள கருவிகள் என்றால் அங்கும் 75 ஓம் பிஎன்சி கேபிள். வரிசையின் கடைசிக் கருவியில் டெர்மினேஷன் (துடிப்பு திரும்பிவராமல் தடுக்கும் மின்தடை) போட வேண்டும், நடுவில் உள்ளவற்றில் போடக்கூடாது.

தனியாக ஒரு கிளாக் பெட்டி வாங்கலாமா என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கான ரிங்கிட். இரண்டு பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தில் குழுவுக்குப் புது உருமி வாங்கித் தோல் மாற்றவும் மீதி இருக்கும்.

எல்லாம் செய்தும், புதிய கேபிளோடும், இரு திசையிலும் லாக் விளக்கு நிற்கவில்லை என்றால், வேறு ஒருவருடைய ப்ரீஆம்பைக் கடன் வாங்கி உங்கள் இன்டர்ஃபேஸில் இணைத்துப் பாருங்கள். அது லாக் ஆனால் உங்கள் ப்ரீஆம்பின் ஒளித்துளை பழுது. ஆகாவிட்டால் இன்டர்ஃபேஸ். இப்போதுதான் பழுதுபார்ப்பவரிடம் போகும் நேரம். எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது என்பதும் தெரிந்துவிட்டது.

## அறிகுறி 3: தொடக்கத்தில் சேர்ந்திருந்தது, போகப்போக விலகுகிறது

திருவிழாக் காலத்து நோய். கைப்பேசியில் படம், தனி ரெக்கார்டரில் ஒலி. முதல் நிமிடத்தில் உதடும் ஒலியும் ஒட்டியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் தீபாராதனையில் மணி அசைந்த பிறகு ஓசை வரும்.

தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் விலகலை அளந்து எழுதுங்கள். மணியடிப்பு, கைதட்டல், தேங்காய் உடைப்பது, எதுவானாலும் படத்திலும் ஒலியிலும் தெளிவாகத் தெரிகிற ஒன்று. பிறகு கிளை பிரியும்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு. இது விலகலே இல்லை. ஒலியை நகர்த்தி வையுங்கள், முடிந்தது.

சீராக வளர்கிறது. எவ்வளவு வளர்கிறது என்பதே நோயின் பெயரைச் சொல்லிவிடும். ஒரு மணி நேரத்தில் 200 மில்லிவிநாடிக்குள் என்றால் இரு கருவிகளின் கிளாக் வித்தியாசம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவிநாடி ஆகும், அது பழுதில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்றரை விநாடிக்குச் சற்று மேல் என்றால் எடிட்டிங் மென்பொருளில் விநாடிக்கு 29.97 பிரேமும் 30 பிரேமும் குழம்பியிருக்கின்றன. அந்த அமைப்பைத் திருத்துங்கள், ஒலியைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் அளவுக்கு விலகினால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள், 44.1-உம் 48-உம்தான்.

திடீர் திடீரென்று தாவுகிறது. பதினைந்தாம் நிமிடம் வரை சரி, பிறகு ஒரே அடியாக அரை விநாடி. மெமரி கார்டு வேகம் போதாமல் சில துண்டுகள் விழுந்திருக்கும், அல்லது ரெக்கார்டர் கோப்பைப் பிரித்து எழுதும் இடத்தில் சிறு இடைவெளி விட்டிருக்கும். தாவிய இடங்களில் வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பொருத்துங்கள். கார்டை மாற்றுங்கள்.

வளர்கிறது, குறைகிறது, மறுபடி வளர்கிறது. கைப்பேசிக் காணொலியில் பிரேம் வேகம் நிலையாக இருப்பதில்லை. இருட்டில் குறைந்து வெளிச்சத்தில் கூடும். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

சீராக வளரும் சிறு விலகலுக்கு இரண்டு மருந்து. பாட்டுப் பாட்டாக இடைவெளி இருந்தால், ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் வெட்டி மறுபடி பொருத்துவது எளிது. ஐந்து நிமிடத்தில் 15 மில்லிவிநாடி விலகலை யாரும் கவனிக்கமாட்டார்கள். இடைவெளியே இல்லாத ஒரு மணி நேர மேளம் என்றால் ஒலியை நீட்ட வேண்டும். தொடக்கத் தட்டலுக்கும் முடிவுத் தட்டலுக்கும் நடுவே படத்தில் 3600.18 விநாடி, ஒலியில் 3600 விநாடி என்றால், பிளேரேட் 3600-ஐ 3600.18-ஆல் வகுத்த எண், அதாவது 0.99995. இங்கும் 'ப்ரிசர்வ் பிட்ச்' குறியை எடுத்துவிடுங்கள். சுருதி மாறுவது காதுக்கு எட்டாத அளவு. குறியை விட்டுவைத்தால் மென்பொருள் மேளத்தின் அடிகளைத் தேவையில்லாமல் அரைத்துவிடும்.

அடுத்த முறை தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல், இரண்டும் கேமராவுக்கு முன்னால். முடிவுத் தட்டலை எல்லோரும் மறப்பார்கள், பிரசாதம் வாங்கப் போய்விடுவார்கள்.

### இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே கணினியில் செருகினால்

இதே நோய், வேறு வேஷம். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் தனிக் கடிகாரம். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பில் இரண்டையும் ஓர் 'அக்ரிகேட்' கருவியாகச் சேர்த்து, ஒன்றைக் கிளாக் மூலமாக வைத்து, மற்றதற்கு மட்டும் 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' குறி போடுங்கள். இரண்டுக்கும் போடக்கூடாது. விண்டோஸில் இதற்கு இணையாக நிம்மதியான வழி இல்லை. ஒன்றாகச் சேர்த்துவைக்கும் பொது டிரைவர்கள் உண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் நான் நம்புவதில்லை. மூன்றாவது யூஎஸ்பி மைக் வாங்குவதற்குப் பதில், இரண்டு சாதாரண மைக் துளைகள் உள்ள ஓர் இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் நான் 'வாங்குங்கள்' என்று மனமாரச் சொல்வது இது ஒன்றுதான்.

## அறிகுறி 4: குரல் தொலைபேசியில் பேசுவதுபோல் மங்கி ஒலிக்கிறது

புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள்.

அதன் மைக்கைக் கணினி எடுத்துக்கொண்டதும் முழு இணைப்பும் பேச்சு முறைக்கு இறங்கிவிடும். பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். கேட்பதும் பதிவாவதும் இரண்டும் கெடும். கேட்க மட்டும் கெட்டிருந்தால் பதிவு பிழைத்தது. பதிவே அந்த முறையில் ஆகியிருந்தால் போன உயர் ஒலிகளை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. பதிவுக்குக் கம்பி ஹெட்ஃபோன், சின்னக் கடையில் கிடைப்பதானாலும் சரி.

புளூடூத்தே இல்லாமல் இப்படி ஒலித்தால், இன்டர்ஃபேஸுக்குப் பதில் மடிக்கணினியின் சொந்த மைக் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. நல்ல மைக்கை நகத்தால் தட்டிப் பாருங்கள், அளவுக்கோடு குதிக்காது. மடிக்கணினியின் விளிம்பைத் தட்டுங்கள், குதிக்கும்.

## அறிகுறி 5: மென்பொருள் இன்டர்ஃபேஸைத் திறக்க மறுக்கிறது

"சாம்பிள் ரேட் ஆதரிக்கப்படவில்லை" அல்லது அதுபோல ஒரு வாசகம். நேற்று வரை ஓடியது.

வேறொரு செயலி அதைப் பிடித்துவைத்திருக்கிறது. உலாவி, கூட்டச் செயலி, விளையாட்டு எல்லாவற்றையும் மூடுங்கள். மூடியும் விடாவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு சவுண்ட் பகுதியின் 'அட்வான்ஸ்டு' தாவலில் 'எக்ஸ்க்ளூசிவ் மோட்' என்ற, கருவியை ஒரே செயலிக்கு முழுதாகத் தரும் குறிகளைப் பாருங்கள். அவை இரண்டு இருக்கும். வேறொரு செயலி கருவியை முழுதாக அபகரிப்பது தொல்லையாக இருந்தால் இரண்டையும் எடுத்துவிடலாம். விண்டோஸின் பொது ஒலிக்கு இன்டர்ஃபேஸைக் கொடுக்காமல் மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரையே வைத்துவிட்டால் இந்தச் சண்டை பெரும்பாலும் எழாது.

அப்படியும் இல்லை என்றால், இன்டர்ஃபேஸின் கிளாக் மூலம் வெளிக் கிளாக்கில் மாட்டியிருக்கலாம். பழைய ப்ரீஆம்பைக் கழற்றி வைத்துவிட்டு 'ஏடாட்' என்பதை 'இன்டர்னல்' ஆக்க மறந்தவர்களுக்கு இது வரும். இல்லாத தலைவருக்காகக் கருவி காத்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி மறுபடி நிறுவுங்கள். பழையதை முதலில் நீக்கிவிட்டு.

## அறிகுறி 6: இடிமழைக்குப் பிறகு எதுவும் சரியில்லை

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியம் மூன்று மணிக்கு மேல் இந்தப் பக்கத்து வானம் எப்படி இருக்கும் என்று இங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். செம்பனைக் காட்டின் மேல் கறுத்துக்கொண்டு வரும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. மோடத்திலிருந்து கணினிக்கு லேன் வயர் வந்தால் அதையும்.

பிடுங்காமல் விட்டு, மழைக்குப் பிறகு இன்டர்ஃபேஸ் விளக்கு எரிகிறது, ஆனால் ரேட் தானாகத் தாவுகிறது, லாக் நிற்பதில்லை, கணினி அதைக் கண்டு கண்டு மறக்கிறது என்றால், ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: வேறு கணினி, வேறு கேபிள், அதே அளவு வோல்ட்டும் ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டர். அடாப்டரை மாற்றியதும் சரியானால் தப்பித்தீர்கள். சரியாகாவிட்டால் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே மின்சாரம் தங்கும் கப்பாசிட்டர்கள் உண்டு. வாரன்டி ஒட்டுச் சீட்டைக் கிழித்தால் பிறகு கடைக்காரர் கையை விரிப்பார். எரிந்த வாசனை வந்தால் சோதனையும் வேண்டாம்.

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது இன்டர்ஃபேஸை மட்டும் எடுத்துப் போகாமல் அதன் அடாப்டர், நீங்கள் பயன்படுத்தும் யூஎஸ்பி கேபிள், ப்ரீஆம்ப் இருந்தால் அதுவும் ஒளிக்கேபிளும், கோளாறு தெளிவாகக் கேட்கும் ஒரு நிமிடக் கோப்பு, முதலில் எழுதிய தாள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சென்ற மாதம் ஈப்போ வரை போன ஒருவர் அடாப்டரை மறந்துவிட்டு மறுநாள் மறுபடி போனார். பழுது அடாப்டரில்தான் இருந்தது.